எல்பர்ட் கட்டிய கூண்டு

என் கணவனைக் கொன்றே தீருவதாக எங்கள் பக்கத்து வீட்டு எல்பர்ட் டிட்வெல் ஞாயிற்றுக்கிழமைதோறும் சபதம் எடுப்பார். சபதத்தை என் கணவனிடமேதான் எடுப்பார். ஆராதனை முடிந்து வந்து, இருவரும் டென்னசி ஆற்றில் ஒரே படகில் உட்கார்ந்து கெளுத்திக்குத் தூண்டில் போட்டிருப்பார்கள்.

“அந்தச் செம்புவிரியன் மட்டும் என் கையில கெடைச்சான்னு வச்சுக்க தம்பி, அவன் கழுத்தை இப்படித் திருகுவேன்” என்று டாய்லின் கழுத்தைப் பிடித்துத் திருகிக் காட்டுவார். பிடி தப்பான பிடி. திருத்திச் சொல்ல டாய்லுக்கு நாக்கு துடிக்கும். வாயை மூடிக்கொண்டு கழுத்தைக் கொடுப்பான்.

ஏனென்றால் செம்புவிரியன் அவன்தான்.

சனிக்கிழமையானால் டாய்ல் மேஸ் செம்பு நிற முகமூடியை மாட்டிக்கொண்டு வடக்கு அலபாமாவின் குஸ்தி மேடைகளில் ஏறுவான். பேச மாட்டான், பாம்பு மாதிரி சீறுவான், அவ்வளவுதான். எதிராளியின் கண்ணில் உப்பைத் தூவுவான். நடுவர் அந்தப் பக்கம் திரும்பினால் காதைக் கடிப்பான். தோற்கிற நிலை வந்தால் கயிற்றைத் தாண்டிக் குதித்து ஓடியே போவான். ஊரே எழுந்து நின்று அவனைத் திட்டும். நானும் கூட்டத்தில் உட்கார்ந்து திட்டுவேன். என் வசவுகளுக்கு ஹார்ப்பர் பெண்ட் ஊரில் நல்ல பெயர் இருந்தது. வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த வீட்டு விவகாரங்களும் அதில் கலந்திருந்தது யாருக்கும் தெரியாது.

குஸ்தித் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஜெயிப்பது யார், தோற்பது யார் என்பதையெல்லாம் முதலாளி முன்பே முடிவு செய்துவிடுகிறார் என்று வெளியாளிடம் மூச்சு விடக்கூடாது. மேடையில் நல்லவனாக வருகிறவனும் கெட்டவனாக வருகிறவனும் ஒரே காரில் போகக்கூடாது, ஒரே கடையில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. பெற்ற தாயிடம்கூடச் சொல்லாதவர்கள் உண்டு. டாய்ல் என்னிடமே கல்யாணம் முடிந்த பிறகுதான் சொன்னான். அதுவரை எனக்கும் அவன் ஊர் ஊராகப் போய் மாட்டுத்தீவனம் விற்கிறவன்தான்.

ஊருக்கும் அதையேதான் சொல்லி வைத்திருந்தோம். ஞாயிறு காலையில் வீங்கிய கண்ணோடும் நொண்டும் காலோடும் அவன் சர்ச்சுக்கு வந்தால், “மாடு உதைச்சிருச்சு” என்பான். எல்பர்ட் நம்பிவிடுவார்.

“அலபாமாவுல இருக்கற அத்தனை மாட்டுக்கும் உன்மேல என்னதான்யா கோவம்? தீவனத்துல என்னத்தைக் கலக்கற?” என்று கேட்பார்.

எல்பர்ட் மாட்டுப்பட்டிகளுக்கு இரும்புக் கதவும் வேலியும் அடித்துத் தருகிறவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு மூன்றுதான் உலகம்: வெல்டிங், கெளுத்தி, சனிக்கிழமைக் குஸ்தி. வாலிபத்தில் நூல் மில் அணிக்காக பேஸ்பால் எறிந்தவர். குறி தப்பாது. ஒருமுறை விரியன் ஓடும்போது பாதி குடித்த கோலா பாட்டிலை எறிந்து அவன் பின்மண்டையில் எலுமிச்சை அளவுக்கு வீங்கவைத்தார். மறுநாள் டாய்லின் தலையில் ஐஸ் ஒத்தடம் வைத்தவரும் அவரேதான். “இந்தத் தடவை மாடு ஏறி நின்னே உதைச்சிருக்கு போல” என்று வருத்தப்பட்டார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் நாங்கள் இருந்த ஊர்களை எண்ணிச் சொல்ல என்னால் முடியாது. ஜனங்களுக்கு ஒரு கெட்டவன் சலித்துப்போனால் அவனை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் குஸ்திக்காரன் பெண்டாட்டி எவளும் ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்க மாட்டாள். தைத்து முடிக்கும்போது பெட்டி கட்ட வேண்டியிருக்கும். ஹார்ப்பர் பெண்டில்தான் நான் முதன்முதலாகத் தைத்தேன். மஞ்சள் துணியில் சின்னச் சின்ன நீலப்பூ. பியூட்டி பார்லரில் எனக்கென்று ஒரு நாற்காலி, பின்கட்டில் தக்காளிச் செடிகள், வேலிக்கு அந்தப் பக்கம் எல்பர்ட். அங்கிருந்து என்னைக் கிளப்ப வேண்டுமானால் கடப்பாரை வைத்துத்தான் நெம்ப வேண்டும் என்று டாய்லிடம் சொல்லியிருந்தேன்.

கடப்பாரையோடு வந்தார் க்ளாட் ராக்மோர். குஸ்திக் கம்பெனி முதலாளி.

அந்தக் கோடையில் கூட்டம் குறைந்துவிட்டது. விரியன் ஓடி ஓடித் தப்பிப்பதைப் பார்த்து ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. ஜூன் மாதத்தில் ஒருநாள் மத்தியானம் டாய்ல் வந்து சமையலறையில் உட்கார்ந்தான். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

“ஜூலை நாலாந்தேதி பேஸ்பால் மைதானத்துல மேட்ச். நானும் வேடும். கூண்டுக்குள்ள” என்றான்.

வேட் லார்கின் அந்த ஊர்க் குஸ்தி மேடையின் நல்லவன். மஞ்சள் முடி, வெள்ளைப் பல், ராக்மோரின் மருமகன். மூன்றாவது தகுதிதான் முக்கியமானது.

“கூண்டுன்னா? கோழிவலையா?”

“இரும்பு, வெர்டா. நெசமான இரும்பு. ராக்மோர் கிழவன் ஒரு மணி நேரம் கதை சொன்னாரு. அவங்க அப்பாதான் ஒலகத்துலயே மொதல்ல குஸ்தி மேடையைச் சுத்திக் கோழிவலை கட்டினவராம். உள்ளே கெட்டவன் ஓடாம இருக்க, வெளியேருந்து அவன் கூட்டாளிங்க நுழையாம இருக்க.”

“டெக்சஸ்ல இருந்தப்ப அந்த முதலாளியோட அப்பாதானே கண்டுபிடிச்சாரு?”

“ஜார்ஜியாவுலயும் ஒரு அப்பா இருந்தாரு” என்றான் டாய்ல். சிரிக்கவில்லை.

நான் பார்த்தவரை, அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில் முதலாளிகளின் அப்பாக்கள் எல்லோரும் கூண்டு கண்டுபிடித்திருக்கிறார்கள். யார் முதலில் கட்டினால் என்ன, கோழிவலை கோழிக்குத்தான் சரி. இரண்டு தடியன்கள் மேலே விழுந்தால் தொட்டில் மாதிரித் தொங்கிவிடும். பிறகு வீட்டு வேலிக் கம்பிவலையை மேடைத் தூண்களில் கட்டிப் பார்த்தார்கள். அது முதுகைக் கீறும், ஆனால் ஏற வசதி. இப்போது இரும்பு. ஜனங்களின் கோபம் வளர வளரக் கூண்டும் தடித்துக்கொண்டே வந்திருக்கிறது.

“யாரு மொதல்ல கூண்டைவிட்டு வெளிய வந்து தரையில கால் வைக்கறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. வேட் தோத்தா ஒரு வருஷம் அலபாமாவுல தலைகாட்டக் கூடாது” என்றான் டாய்ல்.

“நீ தோத்தா?”

தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

“முகமூடியா?”

“எல்லாரும் பாக்க, மேடையிலயே கழட்டறாங்க. வேட் கூண்டு மேல ஏறித் தாண்டிக் குதிச்சு ஜெயிக்கறான். கிழவன் முடிவு பண்ணிட்டாரு.”

“இந்த ஊர்லயேவா? எல்லாருக்கும் உன்னைத் தெரியுமே டாய்ல்! பாஸ்டருக்குத் தெரியும், பார்லர்ல எல்லாருக்கும் தெரியும், எல்பர்ட்...”

“எல்பர்ட் மொத வரிசையில உக்காந்திருப்பாரு” என்றான். பிறகு மெல்ல, “அவரு மூஞ்சியை என்னால பாக்க முடியாது, வெர்டா. முடியாதுன்னா முடியாது. அன்னைக்கு ராத்திரியே கெளம்பிடணும்” என்றான்.

நான் திரைச்சீலையைப் பார்த்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முதலாளி சொன்னதை மறுத்தால் இந்தத் தொழிலில் எந்த ஊரிலும் வேலை கிடைக்காது. டாய்லால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நான் ராக்மோரின் கம்பெனியில் வேலை செய்யவில்லையே.

அடுத்த வாரமே விஷயம் வேடிக்கையாகத் திரும்பியது. கூண்டு செய்ய ராக்மோர் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்ட எல்பர்ட், அவருக்கு போன் போட்டு, “இரும்பு மட்டும் வாங்கிக் குடுங்க மிஸ்டர் க்ளாட், கூலி வேண்டாம். அந்தப் பாம்பை அடைக்கற கூண்டை என் கையால செய்யணும்” என்று கெஞ்சியிருக்கிறார். ராக்மோருக்கு இலவசம் என்றால் காது தனியாகக் கேட்கும். சரி என்றுவிட்டார். எப்படிச் செய்ய வேண்டும் என்று எல்பர்ட் கேட்டபோது, “ஒரு எலிகூட வெளிய வரக்கூடாது!” என்று டிவியில் குஸ்தி விளம்பரம் பேசுகிற குரலிலேயே கர்ஜித்திருக்கிறார்.

வேறு என்ன சொல்வார், பாவம்? ‘மருமகன் ஏறித் தாண்டணும், காலை வைக்க வாகா ஓட்டை விடுங்க’ என்று வெளியாளிடம் சொல்ல முடியுமா? சட்டம் என்ன ஆவது?

இரும்பு வந்து இறங்கியது. தனியாகத் தூக்கிப் பிடிக்க முடியாது என்று எல்பர்ட் உதவிக்குக் கூப்பிட்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? தன்னை அடைக்கப்போகிற கூண்டுக்குக் கம்பி பிடித்துக்கொடுத்தவன் உலகத்திலேயே என் புருஷன் ஒருவன்தான். நான் ஐஸ் டீ கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் கொட்டகை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

கம்பி வலையின் ஓட்டையில் டாய்ல் கட்டைவிரலை விட்டுப் பார்த்தான். அதற்குமேல் எதுவும் போகாது.

“எல்பர்ட், ஓட்டை கொஞ்சம் பெரிசா இருந்தா தேவலையே” என்றான்.

“எதுக்கு?”

“காத்து வரும்ல.”

“பாம்புக்குக் காத்தா? நீ யாரு பக்கம் தம்பி?”

“இல்ல... வேட் பையனும் உள்ள இருப்பானே.”

“அவன் நல்ல பையன், தாங்குவான். ஓட்டை பெரிசா இருந்தா அந்தப் பய பூட்ஸ் முனையை விட்டு ஏறி ஓடிருவான். அவன் புத்தி எனக்குத் தெரியும். நீ குஸ்தி பாத்ததே இல்ல, உனக்குத் தெரியாது.”

டாய்ல் என்னைப் பார்த்தான். ஏதாவது சொல்லேன் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. சொன்னேன்.

“எல்பர்ட், எல்லாம் சரி, மேல தெறந்துதானே கெடக்கு?” என்றேன்.

எல்பர்ட் அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“மிஸ் வெர்டா, உங்க மூளைக்கு நீங்க பார்லர்ல இருக்க வேண்டிய ஆளே இல்ல. மேலயும் மூடிடறேன்.”

யாரும் வெளியே வராவிட்டால் யாரும் ஜெயிக்க முடியாது. யாரும் தோற்கவும் முடியாது. முகமூடி இருந்த இடத்திலேயே இருக்கும். என் கணக்கு அவ்வளவுதான். டாய்ல் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து எல்பர்ட்டின் வெல்டிங்கிலிருந்து ஒரு பொறித் துண்டு தெறித்து அவன் மணிக்கட்டில் விழுந்தது. அவரைவிதை அளவுக்குத் தோல் வெந்துவிட்டது. எல்பர்ட் பதறிப்போய்த் தன் வீட்டுக்கு ஓடி வெண்ணெய் எடுத்துவந்து, குழந்தைக்குத் தடவுகிற மாதிரி ஊதி ஊதித் தடவினார். “தினம் தடவு தம்பி, மறந்துடாத” என்றார்.

ஜூலை நாலாம் தேதி மத்தியானம் மைதானத்தில் எள் போட இடமில்லை. அவித்த வேர்க்கடலை வாசனை, கொடிகள், பேண்ட் வாத்தியம். வெயில் மண்டையைப் பிளந்தது. தார்ப்பாய் போர்த்திய கூண்டு நடுவில் நின்றது. எல்பர்ட் ஆராதனைக்குப் போடுகிற டையைக் கட்டிக்கொண்டு, தன் லாரியை வேலியோரம் நிறுத்திவிட்டு, பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

தார்ப்பாயை உருவினார்கள். ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். ராக்மோர் முதலில் சிரித்தார், பிறகு வலையைப் பார்த்தார், பிறகு மேலே பார்த்தார். அவர் வாயிலிருந்த சுருட்டு கீழே விழுந்தது. ஒருநாள் முன்னால் வந்து எட்டிப் பார்த்திருக்கலாம். இலவச வேலையை எவன் சோதிப்பான்?

ஆனால் அவர் லேசுப்பட்ட ஆளில்லை. நடுவரின் காதில் ஏதோ சொன்னார். ஏற முடியாவிட்டால் கதவு வழியாக வேடை வெளியே எடுக்கலாம் என்று யோசனை போலிருக்கிறது. டாய்லும் வேடும் உள்ளே போனதும் எல்பர்ட் கதவைச் சாத்திப் பூட்டினார். பூட்டைச் சுற்றித் தடித்த தகட்டில் ஒரு பெட்டி வேறு அடித்திருந்தார், யாரும் உடைக்காமலிருக்க. பிறகு சாவியை உயரத் தூக்கிக் காட்டினார்.

மூன்று வாரமாக டிவியில், “பூட்டின சாவியை டென்னசி ஆத்துல வீசுவோம்!” என்று தொண்டை கிழியக் கத்தியவர் ராக்மோர். டிவியில் என்னென்னவோ கத்துவார்கள். நம்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

“இருய்யா, இரு, இரு!” என்று அவர் கையை நீட்டிக்கொண்டு ஓடி வருவதற்குள் எல்பர்ட் காலை ஊன்றி, தோளைச் சுழற்றி, மில் அணிக்காக எறிந்த அதே எறி எறிந்தார். மைதானத்தின் இடது வேலிக்கு அப்பால்தான் ஆறு. சாவி வெயிலில் ஒருமுறை மின்னியது. மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன், உள்ளங்கை சிவக்கும்வரை.

மேட்ச் ஆரம்பித்தது. முதல் அரைமணி நன்றாகத்தான் போயிற்று. விரியன் சீறினான், உப்பைத் தூவினான். வேட் அவனைக் கூண்டில் மோதினான். மோதும்போதெல்லாம் டாய்ல் அலறினான். அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். வெயிலில் இரும்பு தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது.

பிறகு வேட் ஏறப் போனான். பூட்ஸ் முனை வழுக்கியது. மறுபடி தாவி வலையைக் கையால் பிடித்தவன், “ஐயோ அம்மா!” என்று கீச்சுக்குரலில் கத்திவிட்டுக் கையை உதறிக்கொண்டு கீழே குதித்தான். முன்வரிசையில் ஒரு கிழவி சிரித்துவிட்டாள். நல்லவனைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது, அது சட்டத்தில் இல்லாவிட்டாலும். ராக்மோர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு இருவரும் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். பார்ப்பவர்களுக்குப் பிடி. உண்மையில் பேச்சுவார்த்தை. டாய்ல் பிறகு அப்படியே நடித்துக் காட்டினான்.

“எப்படிய்யா வெளிய போறது?” என்று வேட் அவன் தோளுக்குள் முனகியிருக்கிறான்.

“உங்க மாமாவைக் கேளு.”

“எனக்குத் தலை சுத்துது.”

“இப்ப சுத்தாத. கொஞ்சம் பொறுத்துச் சுத்து.”

“நெஜமாவே சுத்துதுப்பா.”

சொன்னபடியே பையன் சரிந்து விழுந்தான். உதடு வெளுத்திருந்தது. ஜனங்கள் இதுவும் ஆட்டம் என்று விரியனைத் திட்டினார்கள். டாய்ல் ஒரு நொடி திகைத்து நின்றதைப் பார்த்தேன். பையனுக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் கெட்டவன் நல்லவனுக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. இத்தனை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள்.

அப்போதுதான் எனக்கு டாய்லை ஏன் கட்டிக்கொண்டேன் என்று மறுபடி புரிந்தது. அவன் கூண்டோரம் வந்து முன்வரிசைக்காரர்களைப் பார்த்து நாக்கை நீட்டி, கேவலமாக ஒரு ஆட்டம் ஆடினான். கோபத்தில் ஜனங்கள் கையிலிருந்த கோலாவையும் ஐஸ் டீயையும் வலைமேல் விசிறினார்கள். எல்லாம் உள்ளே மழையாகப் பெய்தது. டாய்ல் வேடைக் காலைப் பிடித்து ‘கொடூரமாக’ அந்த மழைக்கடியில் இழுத்துப் போட்டான். ஐஸ் சில்லுகளைப் பொறுக்கி அவன் முகத்தில் ‘கொடூரமாக’த் தேய்த்தான். “அரக்கா!” என்று நான் கத்தினேன். பெருமையில் குரல் உடைந்துவிட்டது.

ராக்மோருக்கு இப்போது நிஜமாகவே பயம் வந்துவிட்டது. “எல்பர்ட்! கேஸ் கட்டரைக் கொண்டா! பையனை வெளிய எடு!” என்று கத்தினார். எல்பர்ட் லாரியிலிருந்து சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடி வந்தார். கதவுத் தகட்டை அறுக்க வெகுநேரமாகும், வலையை அறுக்கலாம் என்றார். “வேட் பக்கமா அறு. மொதல்ல வேட் கால்தான் தரையில படணும், தெரிஞ்சுதா?” என்று ராக்மோர் அவர் காதில் சொன்னாராம்.

“எனக்குச் சொல்லணுமா மிஸ்டர் க்ளாட்? நானாச்சு” என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டு மண்டியிட்டார் எல்பர்ட்.

என் கணக்கு அங்கேதான் கவிழ்ந்தது. கூண்டுக்கு ஓட்டை விழப்போகிறது, வேட் வெளியே வருவான், முகமூடி கழலும். ராத்திரி திரைச்சீலையை அவிழ்த்து மடிக்க வேண்டியதுதான். நான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினேன். என்ன செய்வதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

உள்ளே டாய்ல் வேடின் முடியைப் பிடித்து இழுப்பது போல அவனை அறுக்கிற இடத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தான். தோற்பதற்குத் தானே வழி செய்கிறான், முட்டாள். வேடின் தலையைத் தாங்கிப் பிடித்தபோது அவன் மணிக்கட்டு வலையை ஒட்டி வந்தது. அவரைவிதை அளவுக்கு வெந்த தழும்பு. எல்பர்ட்டின் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில்.

எல்பர்ட் கட்டரை விலக்கினார். கண்ணாடியை மெதுவாக நெற்றிக்கு ஏற்றினார். தழும்பைப் பார்த்தார். பிறகு முகமூடியின் இரண்டு ஓட்டைகளைப் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒரு மனிதரின் முகம் அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை.  அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் அவருக்குள் ஓடியிருக்கும். மாடுகள் எல்லாம் ஓடியிருக்கும். தன்னை முட்டாளாக்கிவிட்டார்கள் என்று எழுந்து போய்விட்டால்கூட அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது.

அவர் கேட்டது ஒரே கேள்விதான், உதடு அசையாமல். டாய்ல் ராத்திரி என்னிடம் சொன்னான்.

“வெண்ணெய் தடவினியா?”

டாய்லால் பேச முடியாது. விரியன் பேச மாட்டானே. சீறக்கூட அவனுக்கு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

எல்பர்ட் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். அறுத்தார். ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வலை பெயர்ந்து விழுந்தது. வாளித் தண்ணீரை ஓரங்களில் ஊற்றினார், புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. “வேடை இழு! வேடை இழு!” என்று ராக்மோர் குதித்தார். எல்பர்ட் கட்டரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கையுறையை உருவி எறிந்தார். மைதானத்துக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

“அடேய் பாம்பே! இந்த நாளுக்காகத்தாண்டா நான் காத்திருந்தேன்! வெளிய வாடா, ஒன்னை என் கையாலயே கொல்றேன்!”

ஓட்டைக்குள் இரண்டு கையையும் விட்டு விரியனின் தோளைப் பற்றி, பட்டியிலிருந்து கன்றை இழுப்பது போல ஒரே இழுவையாக வெளியே இழுத்துத் தரையில் நிறுத்தினார்.

இரண்டு பாதங்களும் புல்லில் அழுந்தின.  நடுவர் விதியை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பார் போல. பிறகு வேறு வழியில்லாமல் மணியடித்தார்.

“எல்பர்ட்! என்னய்யா பண்ணிட்ட, மடையா!” என்று முன்வரிசைக் கிழவி அலறினாள். அதன்பிறகு எல்லோரும் அலறினார்கள். எல்பர்ட் தலையில் கை வைத்துக்கொண்டு, “ஐயையோ, கோவத்துல மறந்துட்டேனே! விதியை மறந்துட்டேனே!” என்று புல்லில் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் குஸ்தி மேடைகளைப் பார்த்திருக்கிறேன், அதைவிட நல்ல நடிப்பை எவனிடமும் பார்த்ததில்லை. விரியன் அதற்குள் வேலி தாண்டி ஓடிவிட்டான். வேடைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்தார்கள். பையன் எழுந்து உட்கார்ந்து பல்லைக் காட்டினான்.

அத்தனை பேர் கண்ணால் பார்த்த முடிவை ராக்மோராலும் மாற்ற முடியவில்லை. வேட் ஒரு வருஷத்துக்கு ஜார்ஜியாவுக்குப் போனான். அடுத்த சனிக்கிழமை விரியனைத் திட்டுவதற்கு இருமடங்கு கூட்டம் வந்ததும் கிழவனுக்குக் கோபம் தணிந்துவிட்டது. கூண்டைத் தன் அப்பா காலத்து வடிவம் என்று சொல்ல ஆரம்பித்தார்.

ஊர் எல்பர்ட்டை மன்னிக்கவில்லை. முடிவெட்டும் கடையில், தபாலாபீஸில், சர்ச் வாசலில்கூட, “வாங்க எல்பர்ட், இன்னைக்கு யாரை ஜெயிக்கவைக்கப் போறீங்க?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்த ஊரில் குஸ்தியை அவரைவிடத் தெரிந்தவர் இல்லை என்று பெயரெடுத்த மனிதர். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டுக்கொள்வார். எனக்கு உண்மையைக் கத்திச் சொல்லத் தோன்றும், ஆனால் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

மேட்ச் முடிந்த மறுநாள் காலையில் அவர் எங்கள் சமையலறைக் கதவைத் தட்டினார். கையில் வெண்ணெய்க் கிண்ணம். டாய்ல் எழுந்து நின்றான்.

“எல்பர்ட், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளாவே...”

“மாடா?” என்றார் எல்பர்ட்.

டாய்ல் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“நேத்து தீவனம் விக்கப் போனல்ல, ஒடம்பெல்லாம் அடிபட்டிருக்கே. மாடுதானே தம்பி?”

டாய்ல் தலையாட்டினான். “மாடுதான்” என்றான்.

“அப்ப சரி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் வைத்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டார். “நேத்து பெரிய மேட்ச்சு, நீதான் பாக்கக் குடுத்துவைக்கல. மொதல்லேருந்து சொல்றேன், கேளு” என்று ஆரம்பித்தார். சாவி எறிந்ததிலிருந்து தான் மடையனானது வரை ஒன்று விடாமல் சொன்னார். டாய்ல் அவருக்கு எதிரில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவன் மாதிரி, “அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நன்றாக அழுதேன்.

சனிக்கிழமை எல்பர்ட் வழக்கம்போல முதல் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல விரியனின் ஏழு தலைமுறையையும் திட்டினார். விரியன் ஓடும்போது எழுந்து, காலை ஊன்றி, தோளைச் சுழற்றி, கோலா பாட்டிலை எறிந்தார். அது டாய்லின் காதுக்கு அரையடி தள்ளிப் போய் விழுந்தது.

“வயசாயிருச்சு மிஸ் வெர்டா, குறி முன்ன மாதிரி இல்ல” என்றார்.

அதற்குப் பிறகும் நாங்கள் அந்த ஊரில் வெகுகாலம் இருந்தோம். சனிக்கிழமை தவறாமல் எறிவார். ஒருநாள்கூடப் பட்டதில்லை.